டிரிக்குக்கு எந்தக் காலேஜ்

டப்பாவில் ஆறு போட்டோ இருக்க வேண்டும். ஐந்துதான் இருந்தது.

முகம்மது கவுஸ் அந்த பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். ரேஷன் கார்டு விழுந்தது. ஒரு கோணி ஊசி விழுந்தது. மகளுக்குச் சின்ன வயதில் போட்ட தடுப்பூசிச் சீட்டு விழுந்தது. ஆறாவது கவுஸ் விழவில்லை.

“ஷகிலா, என் போட்டோவ எடுத்தியா?”

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஷகிலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “உங்க மூஞ்சிய வெச்சு நான் என்னப்பா பண்றது? கண்ணு படாம இருக்க வாசல்ல மாட்டறதா?”

மகன் ஜமீர் மூலையில் உட்கார்ந்து ஒரு தலையணையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தான். அவனை அவர் கேட்கவில்லை. ஐப்பசியில் அவன் அம்மா ஜான் பீ மஞ்சள் காமாலையில் போனதிலிருந்து, தந்தி கொடுப்பவன் வார்த்தையை எண்ணுவது போலத்தான் அவன் பேசினான். சரி. வேணாம். சாப்டேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் இதுவும் குறையும்.

அப்படிப்பட்டவன் போன மாதம் வாயைத் திறந்துவிட்டான். அதனால்தான் இப்போது போட்டோ தேவைப்பட்டது.

அது பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள். ஆயிரத்து இருநூறுக்கு எண்ணூற்று எழுபத்தொன்று. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தன் மெத்தைக் கடையில், இலவம் பஞ்சு மூக்கில் ஏற, கவுஸ் மகனிடம் அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார். கேட்டுவிட்டு ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டார். பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கத்தை அவர் விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

“சினிமாவுல டிரிக் பண்றாங்க இல்லப்பா, அது எங்க சொல்லித் தர்றாங்களோ அது.”

கவுஸ் ஊசியை விரலில் குத்திக்கொண்டார். எட்டு மாதத்தில் அவன் பேசிய நீளமான வாக்கியம் அது. அதில் ‘அப்பா’ வேறு இருந்தது.

“டிரிக்குன்னா? ஒரே ஆளு ரெண்டு பேரா வர்றதா?”

“இல்ல. இல்லாதவங்க வர்றது.”

கவுஸ் யோசித்தார். டூரிங் டாக்கீஸில் அவர் பார்த்த படங்களில் இல்லாதவர்களாக வந்தவர்கள் அம்மனும் முருகனும்தான். பாய் வீட்டுப் பையன் அம்மனை வரவழைப்பதைப் பற்றி ஜமாத்தில் என்ன சொல்வார்கள் என்று ஒரு கணம் கவலைப்பட்டார். பிறகு, பையன் பேசுகிறான் என்றால் காளியையே வரவழைக்கட்டும் என்று முடிவு செய்தார்.

ஆக, டிரிக் படிக்க வேண்டும். எந்தக் காலேஜில், என்ன பட்டம் என்றுதான் தெரியவில்லை.

முதலில் கோவிந்தன் வாத்தியாரிடம் போனார். மேல்நிலைப் பள்ளியில் பிசிக்ஸ் எடுப்பவர். கவுஸ் தைத்த மெத்தையில் பன்னிரண்டு வருடமாகத் தூங்குகிறவர் என்பதால் அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. வாத்தியார் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து, டிரிக் என்பது வெளிச்சம் சம்பந்தப்பட்டது, கண்ணாடி, லென்ஸ், நிழல், எல்லாமே பிசிக்ஸ்தான், கண்ணை மூடிக்கொண்டு பி.எஸ்ஸி. பிசிக்ஸ் போடு என்றார்.

அப்படியே தருமபுரியில் ஒரு காலேஜில் விண்ணப்பம் போட்டார்கள். இடமும் கிடைத்தது. சேருகிற அன்று அசல் மார்க் லிஸ்ட், டி.சி. எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும். கூடவே ஒரு உறுதிப் பத்திரம். போன வருடம் பையன்கள் ஸ்ட்ரைக் செய்து ஜன்னல் உடைந்ததால், ‘என் மகன் கோஷம் போட மாட்டான்’ என்று தகப்பன் எழுதிக் கொடுத்து, அதில் தன் போட்டோவையும் ஒட்ட வேண்டும். ஜமீர் விஷயத்தில் இப்படி எழுதிக் கொடுக்க கவுஸுக்குக் கொஞ்சமும் தயக்கம் இருக்கவில்லை. அவன் ஒரு கோஷம் போட்டால் பெருநாள் பிரியாணி ஊருக்கே போடத் தயாராக இருந்தார்.

சிக்கல் போட்டோவில் வந்தது.

அந்தப் போட்டோவுக்கு ஒரு கதை உண்டு. கல்யாணமான புதிதில் கவுஸும் ஜான் பீயும் ஒகேனக்கல் போயிருந்தார்கள். அங்கே கறுப்புத் துணி போட்ட பெட்டியோடு ஒருவன், பத்தே நிமிடத்தில் ஈரம் சொட்டச் சொட்டப் படம் எடுத்துக் கொடுப்பான். ஒரு பிரதிதான். இன்னொன்று கேட்டால் மறுபடி நிற்க வேண்டும். அருவிச் சத்தத்துக்குப் பயந்த ஜான் பீ புருஷனின் தோளைப் பிடித்தவள், எடுக்கச் சொல்லியும் கையை எடுக்கவில்லை. கவுஸ் அதற்குச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு படம் விழுந்துவிட்டது.

எண்பத்திரண்டில் சவுதி போக ஆசை வந்தது. ஏஜெண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்டான், ஆள் வாலிபமாகத் தெரிய வேண்டும் என்றான். கவுஸ் ஒகேனக்கல் படத்தை எடுத்துக்கொண்டு கடைவீதியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் குப்புராஜிடம் போய், இதில் என்னை மட்டும் எடுத்துப் பன்னிரண்டு காப்பி போடு என்றார். படத்தைப் பலகையில் குத்தி அதையே மறுபடி படமெடுக்க அதன் அகலம் இடைஞ்சலாக இருந்தது. வெட்டிடலாங்களா பாய் என்று குப்புராஜ் கேட்டார். வெட்டு என்றார் கவுஸ். மிச்சம் குப்பைக் கூடைக்குப் போனது. ஜான் பீ வீட்டில், “என்னய எங்க வுட்டுட்டு வந்தீங்க?” என்று கேட்டதற்கு, சவுதி போய்விட்டு வந்து கலரில் எடுக்கலாம் என்றார். ஏஜெண்டு ஆறு போட்டோவோடு காணாமல் போனான். கவுஸின் முகம் மட்டும் எங்கேயோ வெளியூர் போனது. கலருக்கு நேரமே வரவில்லை, கறுப்பு வெள்ளைக்கும் வரவில்லை.

மிச்சம் ஆறு. அதில் ஒன்றைத்தான் இப்போது காணோம்.

காலேஜ் ஆபீஸில் சவுரியப்பன் என்ற கிளார்க் பத்திரத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டு போனார்.

“பாய், இது என்னாது தோள் மேல?”

“விரலுங்க.”

“விரலுன்னு தெரியுது. மூணு விரல். யாருது?”

“என் சம்சாரத்துதுங்க.” மருதாணி போட்ட நகங்கள் அந்தக் கறுப்பு வெள்ளையில் கரிய புள்ளியாகத் தெரிந்தன.

“பத்திரத்துல ஒருத்தர் போட்டோதான் ஒட்டணும். இதுல ஒண்ணேகால் பேர் இருக்காங்க. நாளைக்கு ஆடிட்டுல கேட்டா நான் என்னா சொல்றது? அவங்களையும் வரச் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுடட்டும்.”

“அவ இல்லீங்க.”

“எங்க போயிருக்காங்க?”

கவுஸ் “மேல” என்றார்.

சவுரியப்பன் மேலே பார்த்தார். மேலே பொருளாதாரத் துறை இருந்தது. சற்று நேரம் கழித்துப் புரிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இரக்கப்பட்டு, பத்திரத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினார்: ‘புகைப்படத்தில் தோளில் காணப்படும் மூன்று விரல்கள் பத்திரதாரருடையவை அல்ல.’ கீழே சுருக்கொப்பம் போட்டு முத்திரையும் குத்தினார்.

வெளியே வந்ததும் ஜமீர், “அப்பா, இனிமே அந்த போட்டோவ ஒட்டாதீங்க” என்றான்.

ஒரே மாதத்தில் இரண்டாவது வாக்கியம். கவுஸுக்கு உச்சி குளிர்ந்தது. அதில் என்ன சொன்னான் என்பதைக் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் பச்சியப்பன் தலையணை வாங்க வந்தார். பையனுக்கு பிசிக்ஸ் கிடைத்த செய்தியை கவுஸ் பெருமையாகச் சொன்னார். பச்சியப்பன் தலையணையை அமுக்கிப் பார்த்தபடி சிரித்தார்.

“பிசிக்ஸா? அது படிச்சவன் பேனுக்கு ஒயர் மாட்டுவான் பாய். டிரிக்கு கேமராவுலயா இருக்குது? கழுவறதுல இருக்குது. பாதி பிலிமை மூடி ஒருக்கா, மூடுன பாதியத் தொறந்து ஒருக்கா. அப்புறம் மருந்துல போட்டுக் கழுவுனா ரெண்டும் ஒண்ணா வரும். அது அத்தனையும் கெமிஸ்ட்ரி. இருவது வருசமா பிலிம் ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?”

இருபது வருடம் பஸ் ஓட்டியவரிடம் என்ஜின் செய்வது எப்படி என்று கேட்பது போன்றது இது என்பது கவுஸுக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது ஒன்றே. பையனைத் தப்பான இடத்தில் சேர்த்தால், படித்து முடித்தும் டிரிக் வராமல், மறுபடி வாயை மூடிக்கொள்வான்.

சேலத்தில் கெமிஸ்ட்ரிக்கு ஒரு இடம் காலியாக இருப்பதாகத் தெரிந்தது. ஆனால் சேலத்தில் அசல் டி.சி. கேட்டார்கள். அசல் டி.சி. தருமபுரியில் இருந்தது. தருமபுரியில் டி.சி. வேண்டுமென்றால் இடத்தை ரத்து செய்ய வேண்டும் என்றார் சவுரியப்பன். நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் பாய் என்று இரண்டு முறை சொன்னார். கவுஸ் இரண்டு முறையும் யோசிக்கவில்லை.

திரும்பி வந்த டி.சி.யில் ‘படிப்பை இடையில் நிறுத்தியவர்’ என்று இருந்தது. ஜமீர் அந்தக் காலேஜின் வகுப்பறையை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. ‘நடத்தை’ என்ற இடத்தில் ‘திருப்தி’ என்று எழுதியிருந்தார்கள். அவனைப் பற்றி யாருக்காவது திருப்தி இருந்தது என்பது கவுஸுக்கு அந்த நேரத்தில் ஆறுதலாக இருந்தது.

சேலத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு, பையன் ஏன் நிறுத்தினான், ஏதாவது தகராறா என்று கேட்டார்கள். தகராறு இல்லை, விஷயம் டிரிக் என்று கவுஸ் விளக்கினார். அது இன்னும் மோசமாகப் போனது. சரி, உறுதிப் பத்திரம் கொடுங்கள் என்றார்கள். போட்டோ ஒட்டிக் கொடுத்தார். யார் விரல் என்று கேட்டார்கள். தருமபுரியில் இதற்குச் சிவப்பு மையில் சான்று கொடுத்திருக்கிறார்கள் என்றார். அதைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். கொண்டு வருவதற்குள் இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் கெமிஸ்ட்ரி இடம், டிரிக் எதுவும் தெரியாத ஓமலூர்ப் பையன் ஒருவனுக்குப் போய்விட்டது.

இப்போது ஜமீருக்கு பிசிக்ஸும் இல்லை, கெமிஸ்ட்ரியும் இல்லை. கையில் ஒரு டி.சி. மட்டும், சேராமலே நின்றவன் என்று.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் கவுஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜமீர், “பரவாயில்லப்பா” என்றான். அவன் பேசியதற்கு முதல் முறையாக கவுஸ் சந்தோஷப்படவில்லை. ஜான் பீயும் கடைசி வாரத்தில் எதைக் கேட்டாலும் இதே வார்த்தையைத்தான் சொன்னாள்.

வீட்டில் ஷகிலா சோறு போட்டபடி கணக்கெடுத்தாள். “போன மாசம் நம்ம வூட்டுல ஒரு பிளஸ் டூ பாஸ் இருந்தாரு. இப்ப காலேஜை வுட்டு ஓடிப் போனவரு ஒருத்தர் இருக்காரு. இன்னும் ரெண்டு ஊரு போனீங்கன்னா அண்ணனை அஞ்சாங்கிளாஸ் பெயில் ஆக்கிடுவீங்க.”

கோவிந்தன் வாத்தியாருக்குச் செய்தி எட்டி, அவர் கோபமாகவே வந்தார். சினிமா ஆபரேட்டர் பேச்சைக் கேட்டு பிசிக்ஸை ரத்து செய்த மனிதனை அவர் முதல் முறை பார்க்கிறாராம். திட்டி முடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த பேப்பர் ஒன்றை எடுத்தார். மெட்ராஸில் சினிமாவுக்கென்றே படிப்பு இருக்கிறது. மூன்று வருடம். கேமரா, எடிட்டிங், கழுவுதல், எல்லாம் தனித்தனியாக. பிளஸ் டூவில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி படித்திருந்தால் போதும்.

“டிகிரிங்களா சார்?”

“டிப்ளமோ. டிகிரி வேணும்னா பி.காம். போட்டு உங்க பஞ்சு மூட்டைய எண்ணச் சொல்லுங்க. டிரிக்கு வேணும்னா இதுதான். இதையும் வுட்டீங்கன்னா அப்புறம் என் வூட்டு மெத்தைய வேற ஆளுகிட்டத்தான் தைக்கக் குடுப்பேன்.”

விண்ணப்பம் வரவழைத்து, வாத்தியாரே பூர்த்தி செய்து, ரிஜிஸ்டர் தபாலில் போனது. அதிலும் காப்பாளர் போட்டோவுக்கு ஒரு கட்டம் இருந்தது. புதிதாக ஒன்று எடுத்துத் தொலையுங்களேன் என்று ஷகிலா கெஞ்சினாள். இதுல என்ன குறை என்று கவுஸ் அதையே ஒட்டினார்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, தபால்காரர் நீளக் கவர் ஒன்றைக் கொடுத்தார். உள்ளே அவர் போட்டோ திரும்பி வந்திருந்தது, மேலே ஊதா முத்திரையோடு. கூட ஒரு கடிதம். மகனின் மதிப்பெண் தகுதியானது, நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படுவார். ஆனால் காப்பாளரின் புகைப்படத்தில் வேறொரு நபரின் உடல் உறுப்பு காணப்படுகிறது. காப்பாளர் மட்டும் உள்ள புகைப்படத்தை வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் நேரில் ஒப்படைக்கவும். தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

வியாழக்கிழமை என்பது மறுநாள்.

ஜமீரை துணிப்பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்துவிட்டு, கவுஸ் கடைவீதிக்கு ஓடினார். மொரப்பூரில் சாயங்கால ரயிலைப் பிடித்தால் விடிவதற்குள் மெட்ராஸ். அதற்கு தருமபுரி பஸ்ஸை ஒரு மணிக்குள் பிடிக்க வேண்டும். அப்போது மணி பன்னிரண்டே கால்.

குப்புராஜ் ஸ்டுடியோவில், ரயில் சீன் எழுதிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்.

“இப்ப ஒரு போட்டோ எடுத்து இப்பவே குடுங்க.”

“எடுக்கறது இப்ப எடுக்கலாம் பாய். ரோல்ல இன்னும் ஒம்போது பாக்கி இருக்குது. அது முடிஞ்சாத்தான் கழுவுவேன். நாளானிக்கு முகூர்த்தம், முடிஞ்சுடும்.”

“ஒம்போதும் என்னையே எடுங்க.”

“எடுத்தாலும் கழுவி, காய வெச்சு, பிரிண்டு போட்டு... சாயங்காலம் ஆவும்.”

கவுஸ் கைக்குட்டையைப் பிரித்தார். டப்பாவில் கடைசியாக மிஞ்சியிருந்த, முத்திரை விழாத இரண்டில் ஒன்றை மேஜைமேல் வைத்தார். ஒகேனக்கல் வெயிலில் சிரித்துக்கொண்டிருக்கும் வாலிபன். தோளில் மூன்று விரல்.

“அப்ப இதுல அந்த விரலை அழிச்சுக் குடுங்க. மருந்தடிச்சு சரி பண்ணுவீங்கள்ல? சட்டை மாதிரி இழுத்து வுட்டுடுங்க.”

குப்புராஜ் டிபன் பாக்ஸை மூடினார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மெல்லிய தூரிகையையும் மைக்குப்பியையும் எடுத்து வைத்தார். பூதக்கண்ணாடியைப் போட்டோமேல் நகர்த்தினார். தூரிகையைத் தொட்டு, குப்பியின் விளிம்பில் வழித்தார். மறுபடி தொட்டு, மறுபடி வழித்தார்.

“அழிச்சுடலாங்களா பாய்?”

“அழிங்க.” கவுஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பையன் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறான். இன்னிக்கி காலையில என்கிட்ட பத்து வார்த்தை பேசினான். எண்ணுனேன்.”

குப்புராஜ் தூரிகையைக் கீழே வைத்தார். மேஜை டிராயரை இழுத்து, உள்ளே துழாவி, அதே போட்டோ ஒன்றை எடுத்து, கவுஸ் கொண்டுவந்ததற்குப் பக்கத்தில் வைத்தார். டப்பாவிலிருந்து காணாமல் போன ஆறாவது. ஓரமெல்லாம் நசுங்கி, பிடித்துப் பிடித்துக் கசங்கியிருந்தது.

“பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு உங்க பையன் இதைக் கொண்டாந்து குடுத்து, இந்த மூணு விரலை வெச்சு மீதி அம்மாவக் கொண்டாந்துட முடியுங்களாண்ணான்னு கேட்டான் பாய், எனக்கு வெட்டத்தான் தெரியும், அதெல்லாம் சினிமாவுல டிரிக் படிச்சவங்களாலதான் ஆவும்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன்.”